தெரியாதவர்களே ஜெயிக்கும் வினாடி வினா: ஜாக்பாக்ஸ் ஆட்டத் தொகுப்புகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் சாலையில் எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் நின்றால் பொள்ளாச்சிப் பேருந்தும் பாலக்காட்டுப் பேருந்தும் எதிரெதிரே கடந்து போவதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் பாதித் தமிழும் பாதி மலையாளமும், அரசு அலுவலகத்தில் முழு மலையாளம் என்று எங்கள் நாள் ஓடும். இந்த வீட்டுக் கூடத்தில், கடந்த ஓணம் விடுமுறை தொடங்கி ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமை இரவுகளிலும், ஆறு பேர் கூடி உட்கார்ந்து அமெரிக்காவில் உருவான ஒரு நகைச்சுவை வினாடி வினாவை விளையாடி வருகிறோம். முதலாவது, மூன்றாவது, நான்காவது என்று ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் என்ற கணினி விளையாட்டு வரிசையில் மூன்று தொகுப்புகள் கைவசம் உள்ளன. நண்பர்களோடும் குடும்பத்தோடும் விளையாட எதையாவது வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, இவற்றில் எது நம் வீட்டுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது ‘யூ டோன்ட் நோ ஜாக்’. சிகாகோவைச் சேர்ந்த ஜெல்லிவிஷன் நிறுவனம் உருவாக்க, 1995இல் கணினிக்கான குறுந்தகடாக வெளிவந்தது அது. தலைப்பை நம் பேச்சில் சொல்வதென்றால் ‘உனக்கு ஒரு மண்ணும் தெரியாது’ என்று ஆகும். கேள்வி கேட்பவரே ஆட்டக்காரர்களைக் கேலி செய்துகொண்டே போவார் என்பதால், பெயரில் பொய் இல்லை. அந்த நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு 2013இல் ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்று பெயர் மாறி, 2014இல் ஐந்து ஆட்டங்கள் அடங்கிய முதல் பார்ட்டி பேக்கைக் கொண்டுவந்தது.

ஆடுவதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் இந்தத் தொகுப்புகளின் மிகப் பெரிய வசதி. ஒருவர் மட்டும் ஆட்டத்தை வாங்கி, மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தால் போதும். மற்றவர்கள் தங்கள் கைப்பேசியில் ஜாக்பாக்ஸ் டாட் டிவி என்ற தளத்தைத் திறந்து, திரையில் தெரியும் நான்கு எழுத்துக் குறியீட்டைத் தட்டினால் ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் இடம் கிடையாது. தந்தை பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய என் நண்பர் ஒருவர், தேங்காய்க் களம் வைத்திருப்பவர், முதல் நாள் இந்த இடத்திலேயே கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ‘களம்’ என்று மட்டும் அடித்து உள்ளே வந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் களத்துக்காரர்தான்.

முதல் தொகுப்பில் ‘யூ டோன்ட் நோ ஜாக் 2015’ இருக்கிறது. அதில் நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது என்பதால், நாங்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கைப்பேசியைப் பகிர்ந்துகொண்டோம். கேள்விகளைத் தொடுப்பவர் குக்கி மாஸ்டர்சன் என்ற கற்பனைப் பாத்திரம். அவருடைய பேச்சின் வேகம், கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் வரும் ஒலிக்குறும்புகள், எதிராளியைச் சில நொடிகளுக்குள் பதில் சொல்லும்படி நெருக்குகிற ‘ஸ்க்ரூ’ என்ற ஆயுதம், சொற்கள் திரையில் பறந்து வர வர சரியான இணையைக் கண்டு தட்ட வேண்டிய ‘ஜாக் அட்டாக்’ என்ற இறுதிச் சுற்று எல்லாவற்றிலும் கைதேர்ந்த தொழில் தெரிகிறது. ஆனாலும் எங்கள் கூடத்தில் அது எடுபடவில்லை. காரணம் ஆட்டத்தின் தரம் அன்று. அதன் சிரிப்பு எந்த மண்ணில் வேர்விட்டிருக்கிறதோ அந்த மண் எங்களுக்குப் பழக்கமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களையும் விளம்பரப் பாடல்களையும் அங்குள்ள காலை உணவுப் பொட்டலங்களின் பெயர்களையும் சிறுவயதிலிருந்தே அறிந்தவருக்கே ஒரு கேள்வியின் முதல் பாதி புரியும். அது புரிந்தால்தான் இரண்டாம் பாதியில் சிரிப்பு வரும்.

இதில் மிகவும் நொந்துபோனவன் என் அக்கா மகன். அரசு வேலைக்கான கேரள பி.எஸ்.சி. தேர்வுக்கு மூன்று ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறான். ராங்க் ஃபைல் எனப்படும் தலையணை அளவுப் புத்தகம் அவனுக்கு மனப்பாடம். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று எவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கபினி, பவானி, பாம்பாறு என்று ஒப்பிப்பான். வினாடி வினா என்றதும், இன்று இவர்களையெல்லாம் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு சம்மணமிட்டு உட்கார்ந்தான். தவறான விடைக்குக் கையிலுள்ள பணத்தைக் கழித்துவிடும் ஆட்டம் அது என்பதால், ஆட்டம் முடிந்தபோது அவன் கடனாளியாக இருந்தான். இரண்டு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

அந்தக் கேள்விகளின் கட்டுமானம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகச் செய்தி ஒன்றை வீட்டு வம்பின் உடையில் கேட்பதே அவற்றின் உத்தி. அதே பாணியில் தமிழில் கேட்டால் எப்படி இருக்கும் என்று பிறகொரு நாள், நான் பாடம் நடத்தும் பள்ளியில் சும்மா இருந்த நேரத்தில் ஒன்று எழுதிப் பார்த்தேன்: ‘மாமியாரோடு கோபித்துக்கொண்டு கோவையிலிருந்து புறப்பட்ட காற்று, மலை ஏறி மூச்சு வாங்காமல் தாய்வீடான பாலக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்றால், எந்த இரண்டு மலைகளுக்கு நடுவில் நுழைந்திருக்கும்?’ நீலகிரி, ஆனைமலை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கணவாய் பற்றிய பாடத்தை இத்தனை உற்சாகத்தோடு அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்படித் தமிழில் ஒரு ஆட்டத்தை யாராவது செய்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

முதல் தொகுப்பை வாங்கியது வீண் என்று நினைத்திருந்த வேளையில்தான், அதே தொகுப்பில் உள்ள ‘ஃபிபேஜ் எக்ஸ்எல்’ எங்களைப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் வரை ஆடலாம். யாரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லாத, ஆனால் உண்மையான ஒரு விநோதச் செய்தியை ஒரு சொல்லை மட்டும் மறைத்துத் திரையில் காட்டுவார்கள். அந்த இடத்தில் பொருந்தும்படி ஒவ்வொருவரும் ஒரு பொய்யை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு பொய்கள் அனைத்தும் உண்மையோடு கலந்து திரையில் வரும். உண்மையைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். உங்கள் பொய்யை யாராவது உண்மையென்று நம்பித் தொட்டால் அதற்கும் மதிப்பெண். சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும் என்பதால் கடைசிக் கேள்வியில்கூட ஆட்டம் தலைகீழாக மாறலாம். பொய் எதுவும் தோன்றாதவர்கள் ஒரு பொத்தானைத் தட்டினால் ஆட்டமே பொய் இரவல் தரும். தற்செயலாக உண்மையான விடையையே ஒருவர் எழுதிவிட்டால், அதைப் பிறருக்குக் காட்டிக்கொடுக்காமல், வேறொன்று எழுதும்படி அவருடைய கைப்பேசிக்கு மட்டும் சொல்லும்.

ஆட்டத்தை விளக்குவதற்காக, தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன் நானே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி ஒத்திகை நடத்தினேன். ‘1932இல் ஆஸ்திரேலியா தன் ராணுவ வீரர்களை இயந்திரத் துப்பாக்கிகளோடு எதன்மேல் ஏவிவிட்டது?’ என்பது கேள்வி. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் விடை எழுதித் தந்தார்கள். முயல், கங்காரு, வெட்டுக்கிளி, காட்டுப்பன்றி என்று வந்தவற்றோடு உண்மையான விடையான ஈமுவையும் கலந்து வாசித்தேன். ஒருவர்கூட ஈமுவைத் தொடவில்லை. 2012இல் கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்து பலருடைய சேமிப்பைக் கொண்டுபோனதை நினைவில் வைத்திருப்பவர்கள் நாங்கள். நான் வேண்டுமென்றே குத்திக்காட்டுவதற்காக அந்தப் பறவையை நுழைத்திருக்கிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்திரேலிய ராணுவத்தாலும் ஈமுவை வெல்ல முடியவில்லை என்று நான் சொன்னபோது களத்துக்காரர், “பணம் போட்ட எங்க சித்தப்பாகிட்ட இதச் சொல்லோணுமுங் வாத்தியாரே, கொஞ்சம் மனசு ஆறும்” என்றார்.

அந்த ஒத்திகையிலேயே இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எனக்குப் புலப்பட்டது. காட்டுப்பன்றி என்று எழுதியவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. போன மாதம்தான் களத்துக்காரரின் தோப்பில் பன்றிகள் புகுந்து வாழைக்கன்றுகளைக் கிளறிப் போட்டிருந்தன. அவரவர் சொல்லும் பொய்யில் அவரவர் பிழைப்பின் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே இங்கே படிக்க வேண்டியது கேள்வியை அன்று, எதிரே உட்கார்ந்திருப்பவரை. இருபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள் ஆடும்போது இதன் சுவை வேறு எதிலும் கிடைக்காது. கேள்விகள் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் கவலையில்லை. விடை அமெரிக்கர்களுக்கும் தெரியாது என்பதால் எல்லோரும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள்.

மொழிச் சிக்கல் இங்கும் உண்டு, ஆனால் அதுவே வேடிக்கையாக மாறிவிடுகிறது. ஆட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. உண்மையும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆகவே பொய்யும் ஆங்கிலத்திலேயே இருந்தாக வேண்டும். எழுத்துப்பிழை உள்ள விடை பொய் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் இதையும் ஆயுதமாக்கினார். பிழையோடு எழுதுவது களத்துக்காரர்தான் என்று எல்லோரும் நம்பியிருந்ததால், தன் பொய்யைப் பிழையற எழுதி, அவ்வப்போது களத்துக்காரரின் சொற்களையும் தானே திருத்திக் கொடுத்து, மொத்தக் கணக்கையும் குழப்பிவிட்டார். கேள்வியை உரக்க வாசித்துத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பக்கத்து வீட்டு நர்ஸ் சேச்சிக்காக அதையே மலையாளத்திலும் ஒருமுறை சொல்வேன். இதற்குள் நேரம் ஓடிவிடும். பிந்தைய தொகுப்புகளில் நேரத்தை நீட்டித்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. என்னைப் போல் மொழிபெயர்த்துக்கொண்டு ஆடுபவர்கள் முதல் வேலையாக அதை இயக்கிவிட வேண்டும்.

கடனாளியாகி எழுந்து போன அக்கா மகன் இந்த ஆட்டத்தில்தான் பழிதீர்த்தான். ராங்க் ஃபைல் படித்துப் படித்து, ஒரு உண்மை எந்தத் தோரணையில் இருக்கும் என்பது அவன் விரல்களில் ஊறியிருக்கிறது. மற்றவர்கள் வேடிக்கையாக எதையாவது எழுதும்போது, அவன் மட்டும் சிரிப்பே வராத, சற்று அலுப்பூட்டுகிற, அதனாலேயே நம்பத்தக்க ஒன்றை எழுதுவான். மூன்று வாரங்கள் தொடர்ந்து அவனே வென்றான். பொது அறிவால் அவனுக்கு இதுவரை கிடைத்துள்ள ஒரே பலன் இதுதான் என்று அவன் தாயார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2016இல் வந்த மூன்றாம் தொகுப்பை ‘ட்ரிவியா மர்டர் பார்ட்டி’ என்ற ஆட்டத்துக்காக வாங்கினோம். தவறான விடை சொன்னவர்களைக் கொலைகாரன் ஒருவன் தனியறைக்கு அழைத்துச் சென்று சிறுசிறு சோதனைகளில் மாட்டிவிடுவான். செத்தவர் ஆவியாக ஆட்டத்தில் தொடர்வார். இறுதி ஓட்டத்தில் உயிரோடிருப்பவரை முந்தி வெல்லவும் வாய்ப்புண்டு. யாரும் ஓரத்தில் சும்மா உட்கார வேண்டியதில்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனாலும் இது நேர்விடைக் கேள்விகளை நம்பிய ஆட்டம் என்பதால் எங்களுக்குப் பழைய சங்கடம் மீண்டும் வந்தது. அதன் இருட்டுச் சித்திரங்களைச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரவில் போடுவதும் உசிதமன்று. மாதம் ஒருமுறை போதும் என்று வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு குறையைப் பதிவு செய்ய வேண்டும். இதே நிறுவனம் 2020இல் தன் ‘குயிப்லாஷ்’ ஆட்டத்தைப் பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் தந்தது. தமிழுக்கோ மலையாளத்துக்கோ அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. எல்லையோரச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் அச்சிட்டுத் தருகிற பி.எஸ்.சி.யைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இது ஒன்றும் நடக்காத காரியமாகத் தோன்றவில்லை. இணையத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டு இணைப்பு மழைக்குப் பயந்து மூன்று முறை படுத்துவிட்டது. கைப்பேசி மட்டும் தொடர்பிழந்தால் கவலையில்லை. அதே பெயரில், அதே குறியீட்டோடு திரும்ப நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். மடிக்கணினியே தொடர்பை இழந்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்த இரவு களத்துக்காரரின் கைப்பேசி இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துச் சமாளித்தோம்.

மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் 2017இல் வந்த நான்காம் தொகுப்பை வாங்குங்கள். அதில் உள்ள ‘ஃபிபேஜ் 3’ பழைய ஆட்டத்தையே எழுபதுகளின் வண்ணங்களில் தருவதோடு, ‘இனஃப் அபௌட் யூ’ என்று இன்னொரு வகையையும் வைத்திருக்கிறது. மூன்று முதல் எட்டுப் பேர் வரை ஆடலாம். அதில் அமெரிக்காவைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. கேள்விகள் அனைத்தும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியவை. ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய ஒரு உண்மையை முதலில் ரகசியமாக எழுதித் தர, மற்றவர்கள் அவரைப் பற்றிப் பொய்களைப் புனைய, அவற்றுக்கு நடுவிலிருந்து உண்மையைத் தேடி எடுக்க வேண்டும். ஆங்கிலக் கேலி புரியவில்லை, அந்த நடிகை யாரென்று தெரியவில்லை என்ற பேச்சே இதில் எழுவதில்லை.

நாங்கள் ஆடியதில் களத்துக்காரரின் முறை வந்தபோது, இளமையில் அவர் யாருக்கும் சொல்லாமல் கற்க முயன்ற ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நீச்சல், தவில், கார் ஓட்டுதல், சமையல், செண்டை, இந்தி என்று ஆறு விடைகள் திரையில் நின்றன. பள்ளிக்காலம் முதல் அவரோடு பழகிய நான் தவிலைத் தொட்டேன். டீச்சரும் என் மனைவியும் இந்தி என்றார்கள். அவரோடு அதிகம் பேசியே இராத நர்ஸ் சேச்சி மட்டும் செண்டையைத் தொட, அதுவே உண்மை என்று திரை அறிவித்தது. ஒரு கோயில் உற்சவத்தில் மேளம் கேட்டு மயங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் சைக்கிளில் போய்ப் புளியங்கட்டையால் கல்லில் அடித்துப் பழகினாராம். வீட்டில் தெரிந்ததும் நின்றுபோனதாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குச் சேச்சி, “மாஷே, டீ வர்ற வரைக்கும் அவரோட விரல் மேசைமேல என்ன செய்யுதுன்னு நீங்க பார்த்ததே இல்லையா?” என்றார். முப்பது ஆண்டுகளாக அந்தத் தட்டலை நான் பொறுமையின்மை என்றே நினைத்திருந்தேன். களத்துக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

இந்த வகையின் கடைசிச் சுற்றில், ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு உண்மையையும் ஒரு பொய்யையும் எழுத வேண்டும்; எது எது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதுவரை சமையலறை வாசலில் உட்கார்ந்து பழம்பொரிக்கு நேந்திரம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, என் மனைவியின் வற்புறுத்தலால் அன்றுதான் முதன்முறையாகக் கைப்பேசியை எடுத்து ஏழாவது ஆளாகச் சேர்ந்திருந்தார். ஆட்டத்தின் மும்முரத்தில் அவர் மகன் அதை மறந்துவிட்டான் என்றே நினைக்கிறேன். அவன் எழுதிய இரண்டு வாக்கியங்கள் திரையில் வந்தன. ராங்க் ஃபைலை இரண்டு முறை முழுதாகப் படித்து முடித்தேன் என்பது ஒன்று. போன ஆண்டு பி.எஸ்.சி. தேர்வன்று தேர்வுக்குப் போகாமல் பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறிப் படம் பார்த்தேன் என்பது மற்றொன்று. நாங்கள் ஐந்து பேரும் அவனுடைய படிப்பின்மேல் இருந்த மரியாதையால் முதலாவதை உண்மை என்று தொட்டுத் தோற்றோம். அக்கா மட்டும், நான் தமிழில் வாசித்து முடிப்பதற்குள்ளாகவே, இரண்டாவதைத் தொட்டிருந்தார். கூடம் அமைதியாக இருந்தது. மகன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே, “அன்னிக்குப் போட்டிருந்த சட்டையத் தொவச்சது ஆரு? பஸ் டிக்கெட்டு பையிலயே கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார்.